300-இன் காசுக்கு 450-இன் வேகம்

1998 ஆகஸ்டில் இன்டெல் இறக்கிய செலரான் 300ஏ, மலிவு விலைக் கணினிகளுக்கான சிப். வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். சிப்பையும் மதர்போர்டையும் இணைக்கும் தடமான பஸ்ஸின் 66 மெகாஹெர்ட்ஸை நாலரையால் பெருக்கி வந்த கணக்கு அது. பெருக்கும் எண்ணை இன்டெல் பூட்டிவிட்டது, பஸ்ஸை விட்டுவிட்டது. 440பிஎக்ஸ் மதர்போர்டில் பஸ்ஸை 100 ஆக்கினால் 450! அதே மாதம் வந்த, விலை பல மடங்கு கூடிய பென்டியம் 2-இன் வேகம். 128 கேபி கேஷ் சிப்புக்குள்ளேயே முழு வேகத்தில் ஓடியதும் கைகொடுத்தது.

இரண்டு வருடம் கழித்து, போட்டி நிறுவனமான ஏஎம்டியின் முறை. சாக்கெட் ஏ அத்லான், டியூரான் சிப்புகளின் மேல்பரப்பில் எல்1 என்று குறித்த சின்னஞ்சிறு இணைப்புகள் துண்டிக்கப்பட்டிருந்தன. சாதாரண பென்சிலால் குறுக்கே கோடு இழுத்தால் போதும், கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், பெருக்கும் எண்ணின் பூட்டு திறக்கும். கோடு பக்கத்துப் புள்ளியைத் தொடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேகத்தை ஏற்றுவது சுலபம். நிலைநிறுத்துவதுதான் பாடு. தடுமாறினால் வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டுவார்கள்; சூடோ அதன் வர்க்கத்தோடு ஏறும். கத்திரி வெயிலில் மலையும் தெருவும் தகிக்கும் திருவண்ணாமலையில், மார்கழியில் நின்ற வேகம் சித்திரையில் நிற்காமல் போகலாம். பிரைம்95 என்ற சோதனை நிரலை இரவு முழுக்க ஓடவிட்டு, ஒரு கணக்கும் பிசகாவிட்டால்தான் நம்பிக்கை.

2011-இல் ஐ5-2500கே சிப் வந்தது. பெருக்கும் எண்ணின் பூட்டைத் திறந்துவிட்டு இன்டெல்லே அதைக் கூடுதல் விலைக்கு விற்றது. பழைய பஸ் வழியை மட்டும் ஏறக்குறைய அடைத்துவிட்டது.