டப்பாவில் சிரித்த குழந்தை

எங்கள் வீட்டுச் சமையலறையில் கடுகு போட்டு வைத்திருக்கும் தகர டப்பா, 1976-இல் வாங்கிய குழந்தைப் பால்பவுடர் டப்பா. அதன்மேல் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். நம் வயதுக்காரர்கள் பலர் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்திருக்கும்.

அந்த வருடம்தான் என் மூத்த மகன் பிறந்தான். மஞ்சளாக வந்த சீம்பாலை, "பிள்ளைக்கு ஆகாது" என்று பீய்ச்சிக் கீழே விடச் சொன்னார் என் அம்மா. மூன்று நாள் சங்கில் சர்க்கரைத் தண்ணீர். பிறகு பால் பத்தவில்லை என்று டப்பா வந்தது. குமாஸ்தா சம்பளம், டப்பா இன்னும் நாலு நாள் கூட வரட்டும் என்று தண்ணீரைக் கூட்டிக் கரைத்தோம். இரண்டாம் மாதம் வயிற்றுப்போக்கு. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிழைத்தான். "எனக்குப் பால் இல்லாத உடம்பு" என்று அன்று சொன்னதை என் மனைவி முப்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஓய்வு பெற்றபின் படித்தபோதுதான், இது எங்கள் ஒரு வீட்டுக் கதை இல்லை என்று தெரிந்தது. 1939-இலேயே சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண்மணி பேசிய பேச்சின் தலைப்பு, 'பாலும் கொலையும்'. தாய்ப்பாலை விட்டு இனிப்பு டின் பாலுக்குத் தாய்மார்களை இழுக்கும் பிரசாரத்தால் வரும் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்றார். அது உலகத்தின் காதில் ஏற 42 வருடம் ஆயிற்று. 1981 மே மாதம் உலக சுகாதார சபை, பால்பவுடர் விற்பனைக்கு விதிமுறை வகுத்தது. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து ஓட்டுப் போட்டது அமெரிக்கா மட்டுமே. நம் நாட்டில் 1992-இல் சட்டம் வந்தது. விளம்பரம் கூடாது, இலவச டப்பா கூடாது, டப்பாவில் குழந்தைப் படமும் கூடாது. எங்கள் கடுகு டப்பாக் குழந்தை கடைகளிலிருந்து மறைந்தது அப்படித்தான்.

2008-இல் மகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம். ஒரு மணி நேரத்துக்குள் நர்ஸம்மா குழந்தையை மார்பில் போட்டார். சீம்பாலில்தான் நோய் எதிர்ப்புச் சக்தி அதிகம், ஒரு சொட்டும் வீணாக்காதீர்கள் என்றார். காம்பு மட்டுமல்ல, சுற்றியுள்ள கருவட்டமும் பிள்ளை வாய்க்குள் போக வேண்டும்; ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை கொடுக்க வேண்டும்; ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம்; அதற்குப்பின் குழைந்த சோற்றோடு இரண்டு வயதுவரை தாய்ப்பாலும் தொடரலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"பால் பத்தலைன்னா?" என்று கேட்டாள் என் மனைவி.

"பிள்ளை சப்பச் சப்பத்தாம்மா பால் ஊறும். நடுவுல புட்டியைக் கொடுத்தா பிள்ளை சப்புறது குறையும், பாலும் குறையும்."

என் மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப எனக்குப் பால் இல்லாம இல்லியா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. தண்ணீரைக் கூட்டிக் கரைத்தவன் நான்தானே.

பேரன் பேத்தி பிறக்கும் வீட்டில், "பால் பத்தலை போலிருக்கே" என்று முதலில் சொல்வது பெரும்பாலும் நம் வாய்தான். பவுடர் தேவையா என்பதை டாக்டர் சொல்லட்டும். நாம் அந்தப் பெண்ணுக்கு வேளைக்குச் சோறு போட்டு, தூங்க விட்டு, "உனக்கு வரும்மா" என்று சொன்னால் போதும். 1976-இல் என் மனைவிக்கு அதைச் சொல்ல எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை.