அலங்கார மீன் தொட்டிக்கு தானாக நீர் நிரப்புதல், கால்சியம் கொடுத்தல்: எளிய முறை

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், வண்டலூர் பகுதிகளில் கொல்லையிலோ மொட்டை மாடியிலோ சிமெண்ட் தொட்டி கட்டி, அலங்கார மீன் வளர்த்து கொளத்தூர் வியாபாரிகளுக்குக் கொடுக்க நினைக்கிறீர்களா? வெயில் காலத்தில் தினமும் குறையும் நீரை எதைக் கொண்டு நிரப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தே மீன் பிழைக்கும்.

போர் தண்ணீரை மட்டும் ஊற்றினால் என்ன ஆகும்?

வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலேயே தங்கிவிடும்.

3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 60 செ.மீ. நீர் ஆழம் உள்ள தொட்டியில் 3,600 லிட்டர் பிடிக்கும். நாளுக்கு 5 மி.மீ. குறைந்தால் 30 லிட்டர். மாதத்துக்கு 900 லிட்டர். டி.டி.எஸ். 1,000 உள்ள போர் தண்ணீரால் இதை ஈடுகட்டினால், தொட்டியில் மாதம் 250 வீதம் கூடும். நீர் மாற்றாமல் விட்டால் நான்கே மாதத்தில் 2,000-ஐத் தொடும். தொட்டி நிறைந்தே இருப்பதால் இது கண்ணுக்குத் தெரியாது.

எனவே ஆவியான அளவுக்கு மழைநீர் அல்லது ஆர்.ஓ. நீர் விடுங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 1,000 லிட்டர் கிடைக்கும். முதல் மழை நீரை வெளியே விட்டுவிட்டு, அடுத்ததைச் சேமியுங்கள்.

தானாக நிரப்பும் அமைப்பு

1. 100 லிட்டர் டிரம்மை தொட்டியை விட 3 அடியாவது உயரமான மேடையில் வையுங்கள்.
2. டிரம்மின் அடியிலிருந்து அரை அங்குல குழாய் இறக்கி, முனையில் ஃப்ளோட் வால்வு பொருத்துங்கள். மேல்நிலைத் தொட்டிகளில் போடும் அதே வால்வு போதும்.
3. வால்வின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் தொட்டி நீர் குழாய்க்குள் திரும்பும்.
4. டிரம்மை மோட்டார் லைனுடனோ குடிநீர்க் குழாயுடனோ நேரடியாக இணைக்காதீர்கள். வால்வு மாட்டிக்கொண்டால் தொட்டி வழியும். குளோரின் கலந்த நீர் மீனைக் கொல்லும். கையால் நிரப்பும் டிரம் என்றால், அதிலுள்ள நீருக்கு மேல் இறங்காது.
5. வழிவுக் குழாய் வைத்து வலை கட்டுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மீன் வெளியேறாது.

நிரப்புவது வேறு, நீர் மாற்றுவது வேறு. கழிவு நீக்க வாரம் ஒருமுறை 10 முதல் 20 சதவீதம் நீரை மாற்றுவது அவசியம்.

கால்சியம் யாருக்குத் தேவை?

குளியலறைக் குழாயிலும் பக்கெட்டிலும் வெள்ளைப் படிவு பிடிக்கிறதா? உங்கள் போர் நீரில் சுண்ணாம்பு ஏற்கெனவே நிறைய இருக்கிறது. கூடுதல் கால்சியம் வேண்டாம். கப்பி, மோலி போன்ற குட்டி போடும் மீன்கள் கடின நீரில் நன்றாக வளரும். டெட்ரா, டிஸ்கஸ் இனப்பெருக்கத்துக்கு மென்னீர் வேண்டும்.

மழைநீரோ ஆர்.ஓ. நீரோ நிரப்பிய தொட்டிக்குத்தான் கால்சியம் தேவைப்படும். சொட்டு மருந்து சோதனைப் பெட்டியால் கடினத்தன்மையைப் பாருங்கள். பொதுவான மீன்களுக்கு 75 முதல் 150 பி.பி.எம். போதும்.

*எளிய வழி:* கழுவிய கிளிஞ்சல் அல்லது வெள்ளைப் பளிங்குக் கல் சில்லுகளை வலைப்பையில் கட்டி ஃபில்டரில் போடுங்கள். நீர் புளிக்கும்போது அது மெல்லக் கரையும். நீர் சரியானதும் கரைவது குறைந்துவிடும். மின்சாரமும் டைமரும் இல்லாத தானியங்கி முறை இது.

*சொட்டு வழி:* 1,000 லிட்டர் நீரில் கடினத்தன்மை 50 பி.பி.எம். உயர, சுமார் 75 கிராம் கால்சியம் குளோரைடு (டைஹைட்ரேட்) வேண்டும். அதை 1 லிட்டர் நீரில் கரைத்து, குளுக்கோஸ் ஏற்றும் செட் மூலம் நிமிடத்துக்கு 14 சொட்டு வீதம், காற்றுக் கல்லின் அருகே விடுங்கள். 20 சொட்டு 1 மில்லி என்ற கணக்கில் 24 மணி நேரத்தில் தீரும். சொட்டு வேகம் மாறும். காலை, மாலை சரிபாருங்கள். மறுநாள் சோதித்த பிறகே அடுத்த அளவு.

சமையல் சோடாவும் கொடுப்பதாக இருந்தால் ஒரே பாட்டிலில் கலக்காதீர்கள். வெள்ளையாகப் படிந்து வீணாகும்.

சுட்ட சுண்ணாம்பு போடாதீர்கள்

மீன் இருக்கும் தொட்டியில் சுட்ட சுண்ணாம்பைக் கொட்டினால் பி.எச். திடீரென ஏறும். கழிவிலுள்ள அம்மோனியா அப்போது கடும் விஷமாக மாறும். ஒரே இரவில் தொட்டி காலியாகலாம்.

வெளிநாடுகளில் கால்சியம் டோசிங் என்றால் பெரும்பாலும் பவளத் தொட்டிக்குத்தான். நம் நாட்டில் கடல் பவளங்கள் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம்.

தொட்டி தொடங்கும் முன் போர் நீரைப் பரிசோதியுங்கள். எந்த மீன் வளர்ப்பது என்பதை அந்த முடிவைப் பார்த்துத் தீர்மானியுங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்திலோ, ஓ.எம்.ஆர். வாணியஞ்சாவடியில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழக வளாகத்திலோ ஆலோசனை கேட்கலாம்.