ஸ்பானிய உறவுப் பெயர்களுக்குள் ஒரு வரலாறு



வெளிநாட்டுப் பள்ளிகளில் படிக்கும் நம் பேரப்பிள்ளைகள் பலருக்கு ஸ்பானியமும் ஒரு பாடம். உறவுப் பெயர்கள் தொடக்கத்திலேயே வந்துவிடும். அப்பா பாத்ரே, அம்மா மாத்ரே. மகன் இஹோ, மகள் இஹா. தாத்தா அபுவேலோ, பாட்டி அபுவேலா. பெரும்பாலும் 'ஓ' என முடிந்தால் ஆண், 'ஆ' என முடிந்தால் பெண். மனப்பாடம் செய்வது எளிது. இவற்றின் வரலாறு இன்னும் சுவையானது.

கி.மு. 218-இல் ரோமானியப் படை ஸ்பெயினில் இறங்கியது. அவர்கள் பேசிய லத்தீன்தான் நாளடைவில் ஸ்பானியம் ஆனது. கி.பி. 711-இல் முஸ்லிம் படைகள் வந்தன. அவர்களோடு அரபு மொழியும் வந்தது. சர்க்கரைக்கு அசூக்கார், எண்ணெய்க்கு அசெய்தே என்று அரபுச் சொற்கள் அடுப்படி வரை நுழைந்தன. ஆனால் மேலே சொன்ன உறவுப் பெயர்கள் அசையவில்லை. அவை இன்றும் லத்தீன் வழி வந்தவையே.

மாற்றம் வேறு வழியில் வந்தது. லத்தீனில் சகோதரன் 'ஃப்ராத்தர்'. உடன்பிறந்தவன் என்று அழுத்திச் சொல்ல 'ஃப்ராத்தர் கெர்மானுஸ்' என்பார்கள். காலப்போக்கில் ஃப்ராத்தர் வழி வந்த சொல் கிறிஸ்தவத் துறவிக்குப் போய்விட்டது. அடைமொழியான கெர்மானுஸ், 'எர்மானோ' ஆகி வீட்டில் தங்கியது. சகோதரி எர்மானா.

அடுத்ததுதான் முக்கியம். லத்தீனில் அப்பாவின் சகோதரன் பாத்ருவுஸ், அம்மாவின் சகோதரன் அவுன்குலுஸ், அப்பாவின் சகோதரி அமிதா, அம்மாவின் சகோதரி மாதெர்தெரா. நம்மைப் போலவே தந்தைவழி வேறு, தாய்வழி வேறு. ஸ்பானியம் இந்த நான்கையும் கைவிட்டது. கிரேக்கத்திலிருந்து லத்தீன் வாங்கிய ஒரு சொல்லே தீயோ, தீயா ஆகி இருபக்கத்துக்கும் பொதுவாயிற்று.

அந்த நான்கில் இரண்டு, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போயின. அவுன்குலுஸ் 'அங்கிள்' ஆனது. அமிதா 'ஆன்ட்' ஆனது. அதாவது, பிறப்பால் அங்கிள் தாய்மாமன், ஆன்ட்டி அத்தை! இன்று நம் வீட்டில் பெரியப்பா, சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர், எல்லாரும் அங்கிள்.

யாரும் சட்டம் போட்டு அந்த லத்தீன் பெயர்களை நீக்கவில்லை. வாய் சொல்லாமல் விட்டது, சொல் போனது. பிள்ளைகள் தீயோ, தீயா நன்றாகப் படிக்கட்டும். அடுத்தமுறை அலைபேசியில் சித்தப்பாவைக் காட்டும்போது, "அங்கிளுக்கு ஹாய் சொல்லு" என்காதீர்கள். "சித்தப்பாவுக்கு வணக்கம் சொல்லு" என்று சொல்லிக்கொடுங்கள்.