பிள்ளைத்தாய்ச்சிக்குத் தடிமன்: எந்தக் குளிசை, எந்த அவியல், எப்போது ஆஸ்பத்திரி?

போன மாரியில் கிளிநொச்சியில் இருக்கும் என் தங்கைக்குத் தடிமன் பிடித்தது. அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். மழை விடாததால் தான் போகாமல், கணவரின் தம்பியை மருந்துக்கடைக்கு அனுப்பியிருக்கிறாள். அவர் கொண்டுவந்த கடதாசி உறைக்குள் நாலு விதமான குளிசைகள். படம் எடுத்து அனுப்பி, "அக்கா, இதைப் போடலாமோ?" என்று கேட்டாள். பனடோல், தடிமனுக்கென்று விற்கும் கூட்டுக் குளிசை, உடம்பு நோவுக்கு டைக்ளோபெனாக், அதோடு ஒரு அன்ரிபயோட்டிக். அடுத்த நாள் கிளினிக்கில் காட்டியபோது, பனடோலை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் எறியச் சொன்னார்கள். கடைக்காரரில் மட்டும் பிழை சொல்ல முடியாது. மருந்து ஒரு கர்ப்பிணிக்கு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

தடிமன் வைரசால் வருவது. பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களுக்குள் தானாகவே மாறும். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அது தொற்றுவதில்லை. இருமும்போது வயிறு குலுங்கினாலும் பிள்ளை தண்ணீர்க் குடத்துக்குள் பத்திரமாகவே இருக்கும். அன்ரிபயோட்டிக் வைரசைக் கொல்லாது. ஆகவே சாதாரண தடிமனுக்கு அது தேவையே இல்லை. இன்னொன்று, காய்ச்சலோ தொண்டை நோவோ இல்லாமல் வாரக்கணக்கில் மூக்கு மட்டும் அடைத்திருந்தால் அது தடிமனாக இல்லாமலும் இருக்கலாம். கர்ப்பகால ஹோர்மோன்களால் மூக்கின் உட்தோல் வீங்குவது பல பெண்களுக்கு உண்டு. பிள்ளை பிறந்தபின் அது போய்விடும்.

குளிசைகளில் பயமின்றி எடுக்கக்கூடியது பரசிற்றமோல், அதாவது நாங்கள் பனடோல் என்று சொல்வது. 500 மில்லிகிராம் குளிசை ஒரு தடவைக்கு இரண்டு, 6 மணித்தியால இடைவெளியில், ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக்கூடாது. உடல் நிறை 50 கிலோவுக்குக் குறைவென்றால் இந்த அளவும் கூட. எவ்வளவு என்று வைத்தியரிடம் கேளுங்கள். 2025 செப்டெம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப், கர்ப்பிணிகள் இதை எடுத்தால் பிள்ளைக்கு ஓட்டிசம் வரலாம் என்று பேசியது எங்கள் ஊர் பேஸ்புக் வரை வந்து பலரைக் கலங்கடித்தது. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் உடனேயே சொன்னது. சுவீடனில் 24 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகளை வைத்து 2024இல் வெளியான ஆய்வில், ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. காய்ச்சலைத் தணிக்காமல் விடுவதுதான், அதுவும் முதல் மூன்று மாதங்களில், பிள்ளைக்குக் கூடாது.

கூட்டுக் குளிசைக்குள்ளும் பெரும்பாலும் பரசிற்றமோல் இருக்கும். அதையும் பனடோலையும் சேர்த்துப் போட்டால் அளவு இரட்டிப்பாகி ஈரலைத் தாக்கும். மூக்கடைப்பைத் திறக்க அதில் சேர்க்கப்படும் பினைல்எப்ரின் போன்றவை இரத்தக்குழாய்களைச் சுருக்குபவை. பிரஷர் உள்ள தாய்மாருக்கு மிகவும் கூடாதவை. டைக்ளோபெனாக், இபுபுரூபன் போன்ற நோக் குளிசைகளை வைத்தியர் சொல்லாமல் தொடவேண்டாம். 20 வாரத்துக்குப் பிறகு அவை பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதித்துத் தண்ணீர்க் குடத்தில் நீரைக் குறைக்கலாம். தும்மலும் மூக்கு ஒழுகலும் தாங்கமுடியாமல் இருந்தால் குளோர்பெனிரமின், ஊர்வழக்கில் பிரிற்றோன், கர்ப்பிணிகளுக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வரும் மருந்து. நித்திரை தூக்கும், கிளினிக்கில் கேட்டுவிட்டுப் போடுவது நல்லது.

தடைக்காலத்திலும் இறுதிப் போரிலும் வன்னியில் ஒரு அட்டை குளிசைக்கு அலைந்தவர்கள் நாங்கள். கிடைத்ததை மிச்சம்பிடித்து வைக்கும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் போகவில்லை. அலுமாரித் தட்டில் இருக்கும் அந்த மிச்சக் குளிசைகளுக்குள், வயலுக்குப் போகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் கொடுக்கும் டொக்சிசைக்கிளினும் இருக்கலாம். அது பிள்ளையின் பல்லையும் எலும்பையும் பாதிக்கும். கணவருக்குக் கொடுத்த குளிசை மனைவிக்கு ஆகாது.

அடுப்படி வைத்தியத்துக்கு வருவோம். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் கறிக்குப் போடுமளவில் அவித்துக் குடிப்பதில் பிழையில்லை. இரசம், சுடுகஞ்சி, தேசிக்காய்த் தண்ணீர், உப்புத்தண்ணீரில் தொண்டை கொப்பளிப்பது எல்லாம் நல்லவையே. ஆனால் ஆடாதோடை வேண்டாம். இருமலுக்கு அது நல்ல மூலிகைதான். ஆனாலும் அதிலுள்ள வாசிசின் கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை கொண்டது. கடைகளில் விற்கும் மூலிகைப் பொடிகளிலும் பாணிகளிலும் ஆடாதோடை சேர்ந்திருக்கும். பெட்டியில் எழுதியிருப்பதை வாசியுங்கள். இஞ்சிப் பிளேன்ரீ குடிக்கலாம், ஆனால் கிளினிக்கில் தந்த இரும்புச்சத்துக் குளிசையோடு சேர்த்தல்ல. தேயிலை இரும்பைச் சேரவிடாது. இரண்டு மணித்தியாலம் விட்டுக் குடியுங்கள். சீனி வருத்தம் இருப்பவர்கள் பனங்கட்டியும் தேனும் எவ்வளவு போகிறது என்று பார்க்கவேண்டும்.

வேது பிடிப்பதென்றால் அடுப்பில் கொதிக்கும் பானைக்கு முன்னால் போர்வையால் மூடிக்கொண்டு இருக்கவேண்டாம். வயிற்றோடு குனியும்போது சமநிலை தவறும். பானை சரிந்தால் காலும் வயிறும் வெந்துபோகும். இறக்கி வைத்த சுடுதண்ணீரில், மேசையில் வைத்து, ஐந்து நிமிடம் ஆவி பிடித்தால் போதும். தலையணையை உயர்த்தி, ஒருக்களித்துப் படுத்தால் மூச்சு விடுவது இலகு.

இவ்வளவும் காய்ச்சல் இல்லாத தடிமனுக்கு. காய்ச்சல் வந்தால் கதை வேறு. கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில்தான் வடக்கில் டெங்கு கூடும். இன்புளுவென்சாவும் அந்தக் காலத்திலேயே வரும். 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பின், டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனதை நாங்கள் மறக்கவில்லை. இந்த மூன்றும் தொடக்கத்தில் "தடிமன் காய்ச்சல்" போலவே தெரியும். மற்றவர்கள் இரண்டு நாள் பார்க்கலாம், கர்ப்பிணி பார்க்கக்கூடாது. முதல் நாளிலேயே வைத்தியசாலைக்குப் போய் இரத்தம் சோதிக்கவேண்டும். இன்புளுவென்சாவுக்கான மருந்து 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலைசெய்யும். டெங்கு என்றால் டைக்ளோபெனாக் இரத்தக்கசிவைக் கூட்டும். பிரஷருக்காகக் கிளினிக்கில் அஸ்பிரின் தந்திருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

மூச்சுப் பற்றியும் சொல்லவேண்டும். தொய்வு உள்ள சிலர் பிள்ளைக்குக் கூடாதென்று நினைத்துப் பம்ப் எடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள். தாய்க்கு மூச்சு முட்டினால் பிள்ளைக்கும் ஒட்சிசன் குறையும். பம்பை நிறுத்தவே கூடாது. படுத்தால் இருமல் கூடுகிறது, எழுந்து இருந்தால்தான் மூச்சு வருகிறது என்றால் அது சளியல்ல, இருதய வருத்தமாக இருக்கலாம். இலங்கையில் கர்ப்பிணித் தாய்மாரின் மரணத்துக்கு முக்கிய காரணங்களில் இருதய நோயும் ஒன்று. நெஞ்சில் ஷெல் துண்டோடு இருப்பவர்களும், நுரையீரலில் காயப்பட்டவர்களும் இன்று தாய்மாராகிறார்கள். பழைய காயத்தைக் கிளினிக்கில் சொல்லச் சிலர் தயங்குவது ஏன் என்று எனக்கு விளங்குகிறது. எங்கே, எப்படிக் காயப்பட்டது என்று விளக்கம் கொடுக்கத் தேவையில்லை. "நெஞ்சில் காயம் இருக்கிறது, ஒப்பரேசன் செய்தது" என்று மட்டும் சொன்னால் போதும். அவர்களுக்குச் சிறிய தடிமனும் வேகமாக நெஞ்சுச் சளியாக இறங்கக்கூடும்.

மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால், பிள்ளையின் துடிப்புக் குறைந்தால், சத்தி நிற்காவிட்டால், இருமும்போது கசிவது சிறுநீரா பன்னீர்க்குடமா என்று சந்தேகம் வந்தால், பஸ்ஸுக்குக் காத்திருக்கவேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். போகும்போது கர்ப்பிணிப் பதிவேட்டையும், அதுவரை போட்ட குளிசைகளின் வெறும் அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.