தேய்ந்த ரூபாயின் தரம்

வங்காளத்திற்குப் பிழைக்க வந்த நம்மவர் வீடுகளில், பெட்டியடியில் ஒன்றிரண்டு பழைய வெள்ளி ரூபாய்கள் கிடப்பது சகஜம். சில பாட்டிமார் வழி ஊரிலிருந்து வந்தவை. சில இங்கேயே வாங்கியவை. வெள்ளி விலை ஏறியதும் இவற்றை முடிந்து கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறோம். கடைக்காரர் தராசில் இட்டுப் பார்த்து, "தேய்ந்துவிட்டது" என்கிறார். கொடுத்ததை வாங்கிக் கொண்டு திரும்புகிறோம். இந்தத் 'தேய்வு' என்ற சொல்லை வைத்தே ஒரு காலத்தில் இந்த மண்ணில் இலட்சக்கணக்கான குடியானவர்களின் உழைப்பு பறிபோயிற்று.

முகலாயர் ஆட்சியின் பிற்பகுதியில் வங்காளத்து அக்கசாலைகளில் அடித்த சிக்கா ரூபாயில் பேரரசரின் ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டிருக்கும். புது ரூபாய் அந்த ஓராண்டு மட்டும் முழு மதிப்புக்குச் செல்லும். இரண்டாம் ஆண்டு பிறந்ததும் நூற்றுக்கு 3 வீதம் வட்டம் பிடிப்பார்கள். மூன்றாம் ஆண்டில் அது 5 ஆகும். அப்போது அதற்குச் 'சனாத்' என்று பெயர். காசு மெய்யாகவே தேய்ந்ததா என்று பார்ப்பாரில்லை. பானைக்குள் இட்டுப் புதைத்து வைத்த ரூபாயும் ஆண்டு திரும்பினால் தேய்ந்த ரூபாயே! நிலவரியை நடப்பாண்டுச் சிக்காவில் கட்ட வேண்டும். குடியானவன் கையிலோ பழங்காசு. இரண்டுக்கும் நடுவில் சராப்புகள் அமர்ந்திருந்தனர். பழங்காசை உருக்கி மறுபடி அடிப்பதில் முர்ஷிதாபாத் ஜகத் சேட் குடும்பத்தார் பெரும்பொருள் ஈட்டினர். லால்கோலா வண்டியில் செல்லும் அன்பர்கள் முர்ஷிதாபாத்தில் இறங்கினால், அவர்களுடைய இல்லம் இன்று காட்சிசாலையாக இருப்பதைக் காணலாம்.

இந்தக் குழப்பத்தில் நம் ஊர் ரூபாயும் கலந்திருந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் 1736 முதலும், சென்னையில் கம்பெனியார் 1742 முதலும் ஆற்காட்டு ரூபாய் அடித்தனர். அது கப்பலேறி வங்காளம் வந்து, டாக்கா பக்கத்தில் தாராளமாகப் புழங்கியது. அதற்கும் தனி வட்டம் உண்டு. காசு பார்த்துச் சொல்வதைத் தொழிலாகக் கொண்டவர் தமிழ்நாட்டில் பழங்காலந்தொட்டே இருந்தனர். சங்கப் புலவர் சிலர் பெயரில் காணும் 'வண்ணக்கன்' என்பது நாணயம் நோட்டம் பார்ப்பவரைக் குறிக்கும். அவருள் வடம வண்ணக்கன் என்பார் வடக்கிலிருந்து தெற்கே வந்தவர் என்பர். நாம் எதிர்த்திசையில் வந்தவர்கள்!

நிற்க. 1793-இல் கம்பெனியார் ஒரு தந்திரம் செய்தனர். இனி அடிக்கும் சிக்கா அனைத்திலும் இரண்டாம் ஷா ஆலமின் 19-ஆம் ஆட்சியாண்டையே பொறிப்பது என்று சட்டம் இயற்றினர். எல்லாக் காசுக்கும் ஒரே ஆண்டு என்றால், ஆண்டைச் சொல்லி வட்டம் பிடிப்பது எப்படி? ஷா ஆலம் 1806-இல் காலமானார். அவருடைய 19-ஆம் ஆண்டு மட்டும் 1835 வரை முடியவில்லை. கல்கத்தாவில் அடித்த காசிலும் 'முர்ஷிதாபாத்' என்றே பொறித்தனர். ஊரும் பொய், ஆண்டும் பொய். சராப்புகளின் வழக்கம் ஒரே நாளில் மறையவில்லை எனினும், அவர்கள் கையிலிருந்த பெரிய ஆயுதம் மழுங்கியது.

இதன் விளைவாக, இன்று அக்காசைக் கையில் எடுப்பவருக்கு முகப்பிலுள்ள பாரசீக எழுத்து அதன் உண்மை வயதைச் சொல்லாது. விளிம்பும் எடையுந்தாம் சொல்லும். ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடுவதைத் தடுக்கவே விளிம்பில் வரி வெட்டினார்கள். கல்கத்தாக் காசில் அவ்வரி சாய்வாக இருந்தால் 1818-க்கு முற்பட்டது; நேராக இருந்தால் அதற்குப் பின் 1829 வரையிலானது; வரியே இல்லாமல் வழவழப்பாக இருந்தால் கடைசி ஐந்தாறு ஆண்டுகளில் அடித்தது. எடையும் 1818-இல் மாறியது: முன்னது 179.67 கிரெயின், அதாவது 11.64 கிராம், பின்னது 191.916 கிரெயின், அதாவது 12.44 கிராம். ஆகவே முகம் மழுங்கி 12.1 கிராம் நிற்கும் ரூபாயைப் பழைய கனத்துக் காசு என்று எவரும் விற்க முடியாது. அது பிற்காலத்தது, நூற்றுக்கு மூன்றுக்குச் சற்றுக் குறைவாகத் தேய்ந்திருக்கிறது. விளிம்பு போன காசில் இந்தச் சாட்சியில் பாதி போய்விடுகிறது. முகத்தை மட்டும் பார்த்துத் தரம் சொல்பவரை நாம் நம்புவதில்லை.

கையால் அடித்த பழங்காசில் இன்னொரு நுட்பம் உண்டு. அச்சு பெரிது, வில்லை சிறிது. ஆகையால் பாதி எழுத்து பிறக்கும்போதே இல்லை. அதனைத் தேய்வு என்று கழிப்பது அநியாயம். தேய்வு மேடான இடத்தில் தொடங்கும். அங்கே தட்டையான பளபளப்பு தெரியும். அடி சரியாக விழாத இடத்தில் வெள்ளியின் பழைய சொரசொரப்பு அப்படியே இருக்கும்.

1835-இல் நாடு முழுமைக்கும் ஒரே ரூபாய் வந்தது. எடை 180 கிரெயின். அதில் தூய வெள்ளி 165. இதுவே ஒரு தோலா. நம் பாட்டிமார் மூன்று ரூபாய் எடையை ஒரு பலம் என்று நிறுத்தது இதைக் கொண்டுதான். 1870-ஆம் ஆண்டுச் சட்டம் நூற்றுக்கு 2 வீதத்துக்கு மேல் எடை குறையாத ரூபாயே சட்டப்படி செல்லும் என்றது. அதாவது 3.6 கிரெயின் வரை பொறுத்தார்கள். ஆண்டைப் பார்த்த காலம் போய்த் தராசைப் பார்க்கும் காலம் வந்தது.

சேகரிப்போர் தராசோடு நிற்பதில்லை; எவ்விடம் தேய்ந்தது என்று கேட்கின்றனர். 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாய் 1874 வரை அதே ஆண்டோடு அடிக்கப்பட்டது. இடையில் அடித்தவற்றைச் சிறு புள்ளிகளால் பிரித்தறிவர். புள்ளி அழிந்தால், அரசியின் முகம் எத்தனை தெளிவாக இருந்தும் விலை இறங்கும். 1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் நிலைமை வேறு. மன்னர் அங்கியிலுள்ள யானை பன்றி போலத் தோன்றுவதாக முணுமுணுப்பு எழவே, பெரும்பகுதி வெளியிடப்படாமல் நின்றது. மறு ஆண்டு அச்சைத் திருத்தினர். அந்த யானை முழுதும் தேய்ந்தாலும் '1911' என்ற எண் இருந்தால் காசுக்குத் தனி மதிப்பு உண்டு.

வியாபாரிகள் 'ஃபைன்' என்றால் நல்லது என்று மகிழ வேண்டாம். அவர்கள் வழக்கில் அது நன்றாகவே தேய்ந்த காசு. அமெரிக்காவில் ஷெல்டன் என்பவர் 1949-இல் வகுத்த 1 முதல் 70 வரையிலான எண் வரிசை இன்று இங்கும் பரவிவிட்டது. துளையிட்டதும், வளையம் பற்றவைத்ததும், கழுவித் தேய்த்ததும் அவ்வரிசையில் எண் பெறுவதில்லை. பெரும்பாலும் வெள்ளி விலைக்கே போகின்றன.

நம் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கோடு சேர்த்து இந்த ரூபாயையும் புளியிட்டுத் துலக்குவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். நூறாண்டுகளாகப் படிந்த கருமை அழுக்கன்று. வாங்குபவர் முதலில் தேடுவது அதைத்தான். சமையற்கட்டுத் தராசு இதற்கு உதவாது. நகைத் தராசில் நிறுத்து, எடையையும் விளிம்பின் வகையையும் ஒரு சீட்டில் குறித்து, காசோடு காகித உறையில் வையுங்கள். மெத்தென்ற பிளாஸ்டிக் உறை வேண்டாம். சில வருஷங்களில் பச்சைப் பிசுக்குப் பிடிக்கும்.