தில்லிக் குளிரும் புகை போகும் வழியும்

அமெரிக்க நண்பர்கள் குளிருக்கு முன்னால் ஃபர்னஸ் சர்வீஸ் செய்வதைப் பற்றி எழுதுவார்கள். தில்லியில் ஜனவரி ராத்திரி 4, 5 டிகிரிக்கு இறங்கினாலும் வீடுகளில் ஃபர்னஸ் கிடையாது. ஆனால் குளிர் காய்ந்த சரித்திரம் உண்டு.

ஷாஜகான் 1648ல் முடித்த செங்கோட்டையின் ஹமாமைப் பாருங்கள். வெந்நீர் அறையைச் சூடாக்கும் ஏற்பாடு அதன் மேற்குச் சுவரில் இருக்கிறது. நடு அறையில் யாரும் நெருப்பு மூட்டவில்லை. 1931ல் திறந்துவைத்த புதுதில்லியில் துரைமார் பங்களாக்களுக்குக் கணப்பும் புகைபோக்கியும் வைத்தார்கள்.

மற்றவர்களுக்கு அங்கீட்டிதான். சட்டியில் கரியைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி ஒவ்வொரு குளிர்காலமும் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கம் வருகிறது என்றுதான் நினைப்பார்கள், பாவம்.

அங்கீட்டி இல்லாத நம்மைப் போன்றவர்கள் என்ன செய்கிறோம்? காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் கேஸ் கீஸரை மாட்டுகிறோம்! வாளி நிறைய வெந்நீர், ஜன்னல் சாத்தல், வெளியே போக வழியில்லாத புகை. ஷாஜகானின் கொத்தனார் பார்த்தால் சிரிப்பார்.

நான் கீஸரைப் பால்கனியில்தான் மாட்டவைத்தேன். "பாத்ரூம்லயே இடம் இருக்கே சார்," என்றார் மெக்கானிக். குழாய்க்குக் கொஞ்சம் கூடுதல் செலவு, அவ்வளவுதான். தீபாவளி முடிந்ததும் அவரையே கூப்பிட்டு பர்னர் தூசியைத் தட்டி, ரப்பர் குழாயைச் சோதித்து, சுடர் நீலமாக எரிகிறதா என்று பார்க்கச் சொல்வேன். மஞ்சளாக எரிந்தால் சரிசெய்யும்வரை அடுப்பில் வைத்த வெந்நீர்தான்.