ஓர் அடிமைத் தாயின் விண்ணப்பம்



அமெரிக்க அடிமை ஒழிப்பு வரலாற்றைப் பயில்வோர் லிங்கனின் பெயரையும், 1865ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தையும் மறவார். சட்டம் பிறக்குமுன் மக்கள் நெஞ்சம் இளக வேண்டுமன்றோ? அதற்குத் துணைநின்றவற்றுள் அடிமைப் பெண்கள் தம் வாழ்வைக் கூறிய நூல்களும் உண்டு.

பெர்முடாத் தீவில் பிறந்த மேரி பிரின்ஸ், இதற்கு முன்பே, 1831இல் இலண்டனில் தம் வரலாற்றைப் பிறரைக் கொண்டு எழுதுவித்தார். இரண்டாண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒழிப்புச் சட்டம் இயற்றிற்று. ஆயினும் இன்று நான் விரித்துரைக்க விரும்புவது ஹாரியட் ஜேக்கப்ஸ் என்பாரைப் பற்றியே.

வட கரோலினாவில் 1813இல் பிறந்த இவ்வம்மையார், எஜமானனின் தகாத வேட்கைக்கு அஞ்சித் தம் பாட்டியின் வீட்டுக் கூரையடியில் ஒளிந்தார். ஒன்பதடி நீளம், ஏழடி அகலம். மிக உயர்ந்த இடத்திலும் மூன்றடியே உயரம். எழுந்து நிற்கவும் இயலாது. அங்கே ஏறத்தாழ ஏழாண்டுகள்! பலகையில் சிறு துளைகளிட்டு, கீழே விளையாடும் தம் மக்களைப் பார்ப்பார். அவர்கள் குரலைக் கேட்பார். மறுகுரல் கொடுக்க மாட்டார். 1842இல் வடக்கே தப்பினார்.

1861இல் புனைபெயரில் அவர் வெளியிட்ட நூல் வடமாநிலப் பெண்களை நோக்கியது. வாக்குரிமையற்ற அப்பெண்களிடம் சட்ட நுணுக்கம் பேசி என்ன பயன்? புத்தாண்டு நாளில் உங்கள் பிள்ளைகள் உங்களுக்குப் பரிசு தருகின்றனர். அடிமைத் தாயோ, மறுநாள் தன் பிள்ளைகள் விற்கப்படுவரோ என்று விழித்திருக்கிறாள் என்ற கருத்தை அவர் முன்வைத்தார். சொல்ல நாணும் செய்திகளையும் மறைத்தாரில்லை. என் கருத்தில், அவருடைய துணிவு முழுவதும் இங்கேதான் விளங்குகிறது.

உள்ளத்தை உருக்கியதே நூலுக்குக் குற்றமாயிற்று! பதிப்பித்த வெள்ளைப் பெண்மணியான லிடியா மரியா சைல்ட் புனைந்த நாவல் இது என்று அறிஞர் பலர் நெடுங்காலம் ஒதுக்கினர். 1981இல் ஜீன் யெலின் என்னும் ஆய்வாளர், ஜேக்கப்ஸ் எழுதிய கடிதங்களைக் கொண்டு நூல் அவருடையதே என நிறுவினார். கண்ணீர் சான்றாகாது என்போர் இன்றும் உளர். மூன்றடி என்று அளந்து சொல்பவளின் கண்ணீரை நான் சான்றென்றே கொள்வேன்.

ஆசிரியத் தொழிலில் நரைத்தவன் ஆதலால் ஒன்றைச் சொல்லாது விட மனமில்லை. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864ஆம் ஆண்டு சனவரியில், வர்ஜீனியாவின் அலெக்சாந்திரியா நகரில், விடுதலை பெற்றோரின் குழந்தைகளுக்காக ஜேக்கப்ஸ் ஒரு பள்ளி திறந்தார். அங்கே ஆசிரியையாய் அமர்ந்தவர், கூரைத் துளை வழியே அவர் பார்த்திருந்த அந்த மகள் லூயிசா.